இருபத்தொன்று புள்ளி ஏழு

ரூவியில் ஜூலையென்றால்
குழாய்த் தண்ணீரே வெந்நீர்.
கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும் பாரிஸ் சாந்து.
குளிர்பெட்டியில் போத்தலை வைத்து
அந்தத் தண்ணீரில்தான் வாய்களை வார்ப்பேன்.

அப்படியொரு ஜூலையில் வந்தாள் நஸ்ரா.
ஒன்பது வயது.
விடியுமுன் சூரிலிருந்து கிளம்பிய பிக்கப்பில்,
பின்னால் காலி மீன்பெட்டிகள் ஆட.
மேலுதட்டில் ஒரு தையல்கோடு,
அண்ணத்தில் இன்னொன்று.
இடப்பக்கம் ஒரு பல் நிற்கவேண்டிய இடத்தில்
ஈறு தன்பாட்டுக்கு மடிந்து கிடந்தது.

ட்ரேயை வெளியே எடுத்ததும்
ஸ்ட்ராபெரி வாசமும் எச்சிலும் வழிய
அவள் கத்தினாள்:
மாமா!

திரும்பிவிட்டேன்.
பதினோரு வருஷத்தில் இந்த ஊரில்
யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.
செபஸ்தி, பாய், முஹந்திஸ், ஏய்.
என்னம்மா என்று
பாதி நாக்குக்கு வந்தேவிட்டது.

அவள் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கதவோரம் அவள் அப்பா எழுந்தார்.

பாபா என்றுதான் சொன்னாளாம்.
அண்ணத்தின் கதவு சரியாகச் சாத்தாததால்
மூக்குவழி நழுவிப்போகிறது காற்று.
வல்லினமாய்ப் புறப்பட்டது
மெல்லினமாய் வந்து சேர்கிறது.
அரபியில் அது அம்மா.
தமிழில் நான்.
அந்த மனிதருக்கு மட்டும்
முதல் நாளிலிருந்தே அது அவர்தான்.

மறுநாள் வெர்னியரின் அலகுகளால்
கீழ்முன்பற்கள் நான்கையும் கவ்விப் பார்த்தேன்.
ஐந்து எட்டு, ஐந்து மூன்று,
ஐந்து நான்கு, ஐந்து ஒன்பது.
கூட்டு. பாதியாக்கு. பத்தரை சேர்.
இருபத்தொன்று புள்ளி ஏழு.
ஒரு கோரைப்பல், இரண்டு சிறுகடைவாய்ப் பற்கள்,
எலும்புக்குள் புரண்டு படுத்திருக்கும் மூன்று பேரும்
வெளியே வந்தால் கேட்கப்போகிற இடம்,
மில்லிமீட்டரில்.

கணக்கு சுலபம்.
எங்கோ குளிர்தேசத்தில்
தையலில்லாத வாய்களைத் திறந்து காட்டிய பிள்ளைகள்
விட்டுச்சென்ற கணக்கு.
அந்த வரிசையில் நஸ்ரா நின்றதில்லை.
அதனால்தான் டாக்டர் ருவைதாவின் நோட்டில்
நாலு பத்தி:
பெயர். கூட்டுத்தொகை. சொன்னது.
வந்தது.
நாற்பத்தாறு பிள்ளைகள்.
கடைசிப் பத்தி பாதிக்குமேல் வெள்ளை.

போகும்போது அப்பா கேட்டார்,
பெருநாளுக்குள் வந்துவிடுமா?
இந்தச் சூத்திரத்துக்கு
அகலம் தெரியும், தேதி தெரியாது.
என் அரபிக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.
மேலே கையைக் காட்டினேன்.
மேலே ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது.

இரண்டு பெருநாள்கள் போயின்.

பதினொன்று வயதில் மறுபடி வந்தாள்,
என் தோள் உயரத்துக்கு.
மூன்றும் வந்திருந்தன,
கொஞ்சம் திரும்பியபடி, தம் இஷ்டத்துக்கு.
மூன்றுமுறை அளந்தேன்.
இருபது புள்ளி ஒன்பது.

எட்டுப் புள்ளி பிசகு.
எங்கள் கணக்கைவிடச் சிறியவை அவள் பற்கள்.
டாக்டர் தவறைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்,
பரிசு விழுந்த எண்ணைப்போல.
இப்படி நூறு தவறு சேர்ந்தால்
இவர்களுக்கென்று ஒரு கணக்கு
எழுதிவிடலாமாம்.

வெளியே நடைவழியில் நஸ்ரா கூப்பிட்டாள்.
இத்தனை மாதம் பேச்சுப் பயிற்சி;
அதுவும் இல்லை, இதுவும் இல்லை.
பாவுக்கும் மாவுக்கும் நடுவே
தமிழில் ஓர் எழுத்துக் கிடையாது.

எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்.
கையில் நிஸ்வாப் பையன் ஒருவனின் வாய்,
நாற்பத்தேழாவது,
அதற்குள் சூடேறி
இறுக ஆரம்பித்திருந்தது.